முப்பத்தொரு நாள் இரும்பு

அத்தியாயம் பதினான்கு

வீரகத்தியர் கண்ணை மூடி அன்றோடு இருபத்தொன்பது நாள். அவருக்குக் கொள்ளி வைத்த மகன் மறியல் சிறைக்குள் போய் ஏழு நாள்.

விடிந்ததும் அவர் மனைவி கமலாசனி இந்த இரண்டு கணக்கையும் வாய்விட்டுச் சொல்லுவாள். யாரைப் பார்த்தும் சொல்வதில்லை. ஆனால் குசினியில் அடுப்பு மூட்டுகிற மருமகளுக்குக் கேட்கிற அளவில் சொல்லுவாள்.

சிவலட்சுமி காதில் விழாதவள்போல ஊதுகுழலை எடுத்தாள்.

இந்த வீட்டுக்கு அவள் வந்து எட்டு மாதம். நாற்று நட வந்த மலையகத்துப் பெண்ணைக் குகதாசன் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்தபோது, "வந்திட்டாய், இனி இது உன்ர வீடு பிள்ளை" என்று சொன்னவர் மாமனார் வீரகத்தியர் ஒருவர்தான். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டலாம், தண்ணீர் அள்ளலாம், சட்டி கழுவலாம். மிளகாய்த்தூள் போட்ட தகர ரின்னை மட்டும் தொடக்கூடாது. கறி கொதிக்கும்போது மாமியே வந்து கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, மூடியை இறுக்கி மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவாள். மகள் விமலேஸ்வரிக்கும் அந்த ரின்னில் உரிமையில்லை என்பது சிவலட்சுமிக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இன்றைக்கு மாமி தூள் போட வரவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

"விமலாவோட கிளிநொச்சிக்குப் போட்டு வா. கேஸ் பேசுற பிறக்கிறாசியார் ஒரு கடதாசி எழுதுவார். கையெழுத்து வை."

"என்ன கடதாசி மாமி?"

"கத்தியை அவன்ர பையுக்குள்ள வைச்சது நீ எண்டு."

சிவலட்சுமி ஊதுகுழலைச் சாம்பலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் வைக்கேல்லை மாமி."

"அப்ப ஆர் வைச்சது? இடுப்பில கிடந்த கத்தி தானா நடந்து போய்ப் பையுக்குள்ள இருந்ததோ? நீ ஒரு பொம்பிளை. தெரியாமல் செய்திட்டன் ஐயா எண்டு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் விட்டிடுவாங்கள். அவன் அழுதால் விடுவாங்களோ? வடக்கில இருந்து போன ஆம்பிளைப் பிள்ளை."

சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். 

சிவலட்சுமியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. சேலைக் கொசுவத்துக்குள், துணியில் சுற்றிய சின்ன வில்லுக்கத்தி மடிந்தபடி கிடந்தது.

குகதாசனின் கத்தி.

குவைத்துக்குப் போகிற தேதி அப்பாவின் சாவுக்குப் பின் இருபத்திரண்டாம் நாள் வந்து விழுந்ததும், அதை விட்டால் வேறு தேதி இல்லையென்று ஏஜென்சிக்காரன் கையை விரித்ததும், வீட்டில் நடந்த சண்டையும் வாசகர்களுக்குத் தெரியும். "முப்பத்தொண்டு முடியாமல் கடல் தாண்டக்கூடாது" என்று தாய் அழுதாள். கடைசியில் ஒன்றுக்கு இணங்கினாள். கொள்ளி வைத்தவன் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் ஓர் இரும்பை உடம்போடு வைத்திருக்க வேண்டும். போனவரின் ஆவி பிள்ளை மேலுள்ள ஆசையில் பின்னால் வந்தாலும் இரும்பைக் கண்டால் விலகிப் போகும். அதைமட்டும் விடாதே என்றாள். குகதாசனும் சட்டையைத் தூக்கி இடுப்புக் கத்தியைக் காட்டி, "பாருங்கோ, கிடக்குது" என்று சொல்லித்தான் படலைக் கதவு தாண்டினான்.

பரந்தன் சந்தியில் பஸ் வந்து நின்றபோது, அதை எடுத்துச் சிவலட்சுமியின் கைக்குள் பொத்தினான்.

"பிளேன் ஏறுற இடத்தில கத்தி கண்டால் பிடிப்பாங்கள் சிவம். நீ வைச்சிரு. அம்மாவுக்கு மட்டும் சொல்லாதை, நெஞ்சு வெடிச்சுப் போவா."

சத்தியம் வாங்கிக்கொண்டு ஏறினான். மறுநாள் இரவு ஏஜென்சிக்காரனின் தந்தி வந்தது. விமான நிலையத்தில் கத்தியோடு பிடிபட்டான். மறியல்.

ஏழு நாளாக அவள் தன்னைத்தானே கேட்கிற கேள்வி இதுதான். அவருடைய கத்தி என் இடுப்பில். அப்படியென்றால் பொலிசின் கையில் இருக்கிற கத்தி எது?

*

பரந்தன் சந்திக்குப் போகிற வாய்க்கால் வரம்பில் விமலேஸ்வரி முன்னால் நடந்தாள். முப்பத்துமூன்று வயது, பள்ளிக்கூட ரீச்சர், கலியாணமாகாதவள். தம்பி குவைத்துக்குப் போனால் தனக்கு ஒரு வழி பிறக்கும் என்று வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"மச்சாள்."

"ம்."

"நான் வைச்சனெண்டு நீங்களும் நினைக்கிறியளோ?"

விமலேஸ்வரி குடையை மறுகைக்கு மாற்றினாள். "நான் ஒண்டும் நினைக்கேல்லை. அவன் வெளிய வரவேணும். அவ்வளவுதான்."

அரிசி ஆலைக்கு முன்னால் சிவலட்சுமியின் தகப்பன் சங்கிலி நெல்மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முதுகுச் சாக்கை உதறிவிட்டு ஓடிவந்தார். ரீச்சரைக் கண்டதும் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"எங்கத்தா கெளம்பிட்ட?"

"கிளிநொச்சிக்குப்பா. வக்கீல் ஐயாகிட்ட. கையெழுத்துப் போடணுமாம்."

"எதுக்குக் கையெழுத்து?"

அவள் சொன்னாள். சங்கிலி மகளின் பக்கம் குனிந்தார். ரீச்சருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம் புள்ள. பேரு எழுதுனா அடையாள அட்டை எங்கேம்பான். நம்மகிட்ட என்னா இருக்கு? இந்தியாப் பாஸ்போட்டுல அஞ்சாவது பேரு நீ. விசா முடிஞ்சு அஞ்சு வருசமாச்சு. எழுவத்தேழு கலவரத்துல தோட்டத்தவிட்டு அடிச்சு வெரட்டுனப்ப இங்கிட்டு வந்து ஒளிஞ்சவங்க நாம. கோர்ட்டுல போய் நின்னா நேரா தலைமன்னாருதான். இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவான். அங்கிட்டு யாரு இருக்கா நமக்கு?"

"அவரு உள்ள இருக்காரேப்பா."

"அதுக்கு அவங்கம்மா போகட்டும்! அவங்களுக்குப் பூர்வீகம் இருக்கு, காணி இருக்கு, அட்டை இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு?"

பஸ் வந்துவிட்டது. அவர் மகளின் தலையைத் தொட நீட்டிய கையை, நெல்தூசி படிந்திருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

அவர் தாழ்த்திய குரல் அவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த விமலேஸ்வரி கிளிநொச்சி வரும்வரை யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

சட்டத்தரணி ஐயாத்துரைக்குத் தடிமன், மூக்கடைப்பு. மேசையில் கோப்புகளுக்கு நடுவில் மல்லித்தண்ணிக் கோப்பை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இருங்கோ. ரீச்சர், உங்கட தம்பியை நான் புதன்கிழமை போய்ப் பார்த்தனான். அடி விழேல்லை. இதுவரைக்கும்." தும்மிவிட்டுக் கோப்பைத் திறந்தார். "முதல்ல சட்டத்தைச் சொல்லுறன், பிறகு கடதாசியைப் பார்ப்பம். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் பிளேனைக் கடத்தினான், தெரியுந்தானே? அதுக்குப் பிறகு எல்லாத்தையும் இறுக்கிப்போட்டாங்கள். பயணிகளைச் சோதிக்கிற கதவு தாண்டி உள்ளுக்கு ஆயுதம் கொண்டு போறது குற்றம். சுடுற துவக்கெண்டாலும் சரி, மாங்காய் வெட்டுற கத்தியெண்டாலும் சரி."

"தண்டனை?" என்றாள் விமலேஸ்வரி.

"அது கத்தியில இல்லை, மனசில இருக்கு. தெரியாமல், மறந்துபோய்க் கொண்டுவந்திட்டான் எண்டு நீதவான் நம்பினால் தண்டம் கட்டிப்போட்டு வீட்டை வரலாம். ஒளிச்சுக் கொண்டுவந்தான் எண்டு கண்டால் மறியல், வருசக்கணக்கில. இதுக்கு மேல ஒண்டு இருக்கு. போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு காலம் கெட்டுப் போச்சு. இந்தப் பெடியன் கத்தியோட ஏன் பிளேனேறப் பார்த்தவன் எண்டு கேட்டு, கேசை அந்தப் பயங்கரவாதச் சட்டத்துக்குத் திருப்பினாங்களெண்டால், பிறகு நான் கோட்டில எழும்பி நிண்டு தும்மத்தான் ஏலும்."

அவர் சிரிக்கவில்லை. அவர்களும் சிரிக்கவில்லை.

"இப்ப சிக்கல் என்னெண்டால், இவன் மறந்துபோய்க் கொண்டுபோனான் எண்டு சொல்லேலாது. கத்தி ஒளிச்சிருந்தது."

"எங்கை ஐயா?" என்றாள் சிவலட்சுமி. அவள் வாய்திறந்தது அதுதான் முதல்.

ஐயாத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிங்களத்தில் எழுதியிருந்த தாளை வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"கைப்பையுக்குள்ள ஒரு பால்மா ரின். ரின் நிறைய மிளகாய்த்தூள். தூளுக்கு நடுவில, வெள்ளைத் துணியில சுத்தி ஒரு மடக்குக் கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளைப் பூண். தூளும் கண்ணில எறியிறதுக்குத்தான் கொண்டுவந்தவன் எண்டு ஒரு பொலிஸ்காரன் எழுதியிருக்கிறான். நாசமாய்ப் போவான்."

விமலேஸ்வரியின் மடியிலிருந்த குடை சரிந்து தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

மாட்டுக்கொம்புப் பிடி. பித்தளைப் பூண். முப்பது வருசம் அப்பா வெற்றிலைக்குப் பாக்குச் சீவிய கத்தி. செத்தவீடு முடிந்த அன்று அம்மா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்தப் பூட்டின் திறப்பு அம்மாவின் முந்தானையில்.

தூள் ரின்னோ, அதை யாரும் தொடக்கூடாது.

பயணம் சொல்லும்போது அம்மா வாசல்படிக்கு உள்ளே நின்று சொன்னதும் இப்போது காதில் விழுந்தது. "தம்பி, தூளைப் பெரிய பெட்டிக்குள்ள போடாதை. கைப்பையிலேயே வை. உன்னோடேயே இருக்கவேணும்." பெரிய பெட்டிக்குள் போட்டிருந்தால் அது பிளேனின் வயிற்றுக்குள் போயிருக்கும். கேட்க ஆளில்லை. ஆனால் இரும்பு உடம்போடு இருக்க வேண்டுமே!

"அவன் என்ன சொன்னவன் ஐயா?" என்று விமலேஸ்வரி கேட்டாள். 

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. கத்தியைத் துணி விரிச்சுக் காட்டினவுடனே கொஞ்சநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நிண்டானாம். பிறகு, 'இது என்ர கத்திதான், நான்தான் வைச்சனான்' எண்டு சொல்லிப்போட்டான். எனக்கும் அதையேதான் சொல்லுறான். பார்த்தவுடனே ஆரோ ஒராளைக் காப்பாத்த நினைச்சவன் மாதிரி." கண்ணாடிக்கு மேலால் இரண்டு பெண்களையும் பார்த்தார். "அது பெண்சாதியாய்த்தான் இருக்கும் எண்டு உங்கட அம்மா ஆளனுப்பிச் சொன்னவா."

சிவலட்சுமி எழுந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, பின் திரும்பிவந்து, துணிப்பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தாள்.

"இதுதான் ஐயா அவரின்ர கத்தி. பஸ் ஏறேக்க என்னட்டைத் தந்திட்டுப் போனவர். அங்க கத்தி கொண்டுபோகேலாதெண்டு அவருக்கு வடிவாத் தெரியும்."

ஐயாத்துரை கத்தியைத் தொடவில்லை. கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"இதை ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"மாமிக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

"அட கடவுளே." அவர் மல்லித்தண்ணியைக் குடித்தார். "இது கேசையே மாத்திப்போடும். சட்டம் தெரிஞ்சு, தன்ர கத்தியை வீட்டில விட்டிட்டுப் போனவன் இன்னொரு கத்தியை ஏன் ஒளிக்கிறான்? ஆனால் அரைவாசிதான் இது. மற்றதை வைச்சது ஆர்? அந்த ஆள் வந்து, நான்தான் வைச்சனான், இன்ன முறைக்காக வைச்சனான், மகனுக்கோ புருசனுக்கோ தெரியாது எண்டு நீதவானுக்கு முன்னால சொன்னால்தான் முழுசாகும். ரீச்சர், அந்தத் தூள் ரின்னைக் கட்டிக் குடுத்தது ஆர்?"

 வெளியே யாழ்ப்பாணம் போகிற லொறி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"தெரியாது ஐயா" என்றாள் விமலேஸ்வரி.

பதினொரு வருசமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்த வாய்.

சிவலட்சுமி அவளைப் பார்த்தாள்.  பிறகு சட்டத்தரணியிடம் திரும்பி, "எழுதுங்கோ ஐயா. நான்தான் வைச்சனான்" என்றாள்.

"உன்ர அடையாள அட்டை இலக்கம்?"

"இல்லை ஐயா."

"கலியாணப் பதிவு?"

"அட்டை இல்லாமல் பதியேலாதெண்டு சொல்லிப்போட்டினம்."

ஐயாத்துரை பேனையை மூடினார்.

"அப்ப கோட்டில நீ அவனுக்குப் பெண்சாதியுமில்லை, இந்த நாட்டுக்குப் பிரசையுமில்லை. நீ போய் நிண்டால் அவன் வெளியில வருவானோ தெரியாது. நீ திரும்பி வரமாட்டாய். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு அப்பிடி ஒரு கடதாசியில நான் முத்திரை குத்தமாட்டன் பிள்ளை." விமலேஸ்வரியின் பக்கம் பார்க்காமலே சேர்த்துச் சொன்னார். "கேஸ் திங்கட்கிழமை காலமை. ஞாயிறு இரவு மெயில் ரெயினில நான் போறன். வைச்ச ஆள் ஆரெண்டு அதுக்கு முன்னம் தெரியவந்தால், ஸ்ரேசனுக்கு வரச் சொல்லுங்கோ. டிக்கெட்டை நான் எடுத்து வைக்கிறன்."

"இந்தக் கத்தி ஐயா?"

"அது உங்களிட்டையே இருக்கட்டும். அதைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு வவுனியா தாண்டினால், எனக்கும் ஒரு பிறக்கிறாசி தேட வேண்டிவரும்."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உனக்கு முதலே தெரியுமோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"இல்லை மச்சாள். இண்டைக்குத்தான் தெரியும்."

"பிறக்கிறாசியார் வாசிச்ச உடனேயோ?"

"இல்லை. நீங்கள் தெரியாதெண்டு சொன்ன உடனே."

 பரந்தன் சந்தியில் இறங்கியபோது ஆலை வாசலில் சங்கிலி மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவலட்சுமி தலையை ஆட்டி, கையெழுத்துப் போடவில்லை என்று சைகை காட்டினாள். அவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு, ரீச்சரின் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

*

பின்னேர வெயில் முற்றத்தில் பாதி ஏறியிருந்தது. கமலாசனி வாசல்படிக்கு உட்புறம் பாயில் இருந்தாள். தாலி கழற்றிய நாளிலிருந்து அந்தப் படியை அவள் தாண்டவில்லை. முப்பத்தொன்று முடியாமல் தாண்டுவதில்லை என்பது முறை.

"கையெழுத்து வைச்சாளோ?" என்றாள், மகளைப் பார்த்து.

"அவளின்ர கையெழுத்துச் செல்லாதாம். அட்டையில்லை."

"அதுகும் இல்லையோ!" கமலாசனி தலையில் அடித்துக்கொண்டாள். "நாடுமில்லை, காடுமில்லை, கையெழுத்துமில்லை. எங்கையிருந்து தேடிப்பிடிச்சான் என்ர பிள்ளை! தோட்டக்காட்டை விட்டு வந்து என்ர குடும்பத்தின்ர…"

"அம்மா, நிப்பாட்டுங்கோ."

விமலேஸ்வரி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கோழிகள் ஒதுங்கி ஓடின.

"பொலிசிட்டை இருக்கிறது அப்பான்ர கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி. தூள் ரின்னுக்குள்ள கிடந்ததாம்."

கமலாசனியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முந்தானைத் திறப்பை மட்டும் விரல் தேடிப் பிடித்தது.

"களவெடுத்திருப்பாள்."

சிவலட்சுமி ஒன்றும் சொல்லாமல் பாயின் முன்னால் குந்தினாள். இடுப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

"இது என்ன? இது குகதாசன்ர…"

"ஓம் மாமி. பஸ்ஸடியில என்னட்டைத் தந்திட்டார். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சொன்னவர்."

"அப்ப அவன் வெறும் இடுப்போடையோ போனவன்? கொள்ளி வைச்ச பிள்ளை, ஒரு துண்டு இரும்பில்லாமல்?"

"ஓம் மாமி."

"பாத்தியோ! பாத்தியோடி விமலா! எனக்குத் தெரியும், அவன் எறிஞ்சுபோட்டுப் போவானெண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தானே நான்…"

நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடியே இருந்தது. வார்த்தை வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்பப் பிடித்து விழுங்க முடியாது.

முற்றத்தில் காயப்போட்ட நெல்லை ஒரு காகம் கொத்தியது. ஒருவரும் விரட்டவில்லை.

"ஏழு நாள் அம்மா" என்றாள் விமலேஸ்வரி மெதுவாக. "ஏழு நாளாய் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு இவளை அனுப்பினீங்கள். அதுக்கு என்னைக் காவலுக்கும் விட்டீங்கள்."

"நான் அவன்ர உயிருக்குத்தான் வைச்சனான்!" கமலாசனியின் குரல் உடைந்தது. "உன்ர அப்பருக்கு அவன் மேல எவ்வளவு ஆசை. கூட்டிக்கொண்டு போயிடுவரோ எண்டு நான் நித்திரை கொள்ளேல்லை. நான் என்ன துவக்கோ வைச்சனான்? பாக்குவெட்டுற கத்தி. அதை ஆயுதமெண்டு சொல்லுற சட்டம் என்ன சட்டம்?"

"அதை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கோ. பிறக்கிறாசியார் மெயிலில போறார். உங்களுக்கும் டிக்கெட் எடுக்கிறார். நீங்கள்தான் வைச்சதெண்டு சொன்னால் தம்பி வெளிய வருவான்."

"நான் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? பெத்த தாயே பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்தாளெண்டு சொல்லாதோ?"

"இவள் குடுத்தாளெண்டு சொன்னால் உங்களுக்குச் சரி?"

கமலாசனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணில் பழைய கடுமை திரும்பியிருந்தது.

"நான் வாசல் தாண்டக்கூடாது."

"ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு. தாண்டலாம்."

"கொள்ளி வைச்சவன் இல்லாமல் என்ன முப்பத்தொண்டு? அவன் வந்து செய்யாமல் அந்தியேட்டி இல்லை. அந்தியேட்டி இல்லாமல் என்ர சாவுத் துடக்குப் போகாது. துடக்கோட நான் படி தாண்டேலாது."

விமலேஸ்வரி தாயை வெறித்துப் பார்த்தாள். அவன் வந்தால்தான் இவள் படி தாண்டுவாள். இவள் படி தாண்டினால்தான் அவன் வருவான். இந்தப் பூட்டை அம்மா இப்போது யோசித்துச் செய்தாளா, ஏழு நாளாகச் செய்துகொண்டிருந்தாளா?

"துடக்கு வீட்டில தூள் வறுக்கக்கூடாதெண்டும் முறை இருக்கு அம்மா" என்றாள். "பிள்ளை பயணம் போறானெண்டு நீங்கள் வறுத்தனீங்கள். அப்ப மட்டும் முறை விலத்தி நிண்டதோ?"

கமலாசனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். விமலேஸ்வரி விடவில்லை.

"ஐயரை நான் முந்தநாளே கேட்டனான். பங்காளியில ஒராள் நிண்டு செய்யலாமாம். கொள்ளி வைச்சவன் வைச்சிருந்த இரும்பைக் கொண்டுவந்து அண்டைக்குக் களைஞ்சால் சரியாம். அது மறியலில கிடக்கெண்டு நினைச்சுத்தான் பேசாமல் இருந்தனான்."

மூன்று பேருடைய கண்களும் பாயின் முன்னால் கிடந்த சின்னக் கத்திக்குப் போயின.

கமலாசனி கையை நீட்டினாள்.

"அதை இங்க தா."

சிவலட்சுமி அதற்கு முன் எடுத்துவிட்டாள். அவசரப்படாமல் துணியில் சுற்றினாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பொருள் இருந்ததில்லை. தூள் ரின் இல்லை, திறப்பு இல்லை. இது அவருடைய கையால் அவளுடைய கைக்கு வந்தது.

"எட்டு நாளாய் இந்த இரும்பு என்ர இடுப்பில கிடக்கு மாமி" என்றாள். "அவருக்குப் பதிலாய் நான் வைச்சிருந்தனான். படுக்கேக்கையும் விடேல்லை. மாமாவின்ர ஆவி வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்தனான்."

"தா எண்டுறன்!"

"தாறன் மாமி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஸ்ரேசனுக்குப் போறதுக்குச் சீலை மாத்திக்கொண்டு இந்தப் படிக்கு அங்கால வந்து நில்லுங்கோ. அங்க வைச்சுத் தாறன். அந்தியேட்டிக் காரியத்தைச் செய்துபோட்டு மெயிலுக்குப் போவம். உங்களைத் தனிய விடேல்லை. ஸ்ரேசன் வரைக்கும் நானும் வாறன்."

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். முற்றத்துக்கு இறங்கிக் காகத்தை விரட்டினாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கமலாசனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதன் முன்னாலிருந்த வாசல்படியைப் பார்த்தாள்.

"விமலா" என்றாள் கடைசியில். "அந்தக் கதவைச் சாத்து. வெயில் அடிக்குது."

விமலேஸ்வரி அசையவில்லை.

அந்த வீட்டில் முதல் தடவையாக, கமலாசனி சொன்ன ஒரு வேலையைச் செய்ய ஆளில்லாமல் கதவு திறந்தபடியே கிடந்தது.